ஊர்வசியை தமிழ் சினிமா முழுசா பயன்படுத்திக்கிச்சா? - விவாத இழை

பழையபிரிண்ட்

ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவில மைக்கேல் மதன காமராஜன் ஓடிட்டு இருந்துச்சு. எத்தனாவது தடவைன்னு கணக்கே கிடையாது, வீட்ல எல்லாரும் வசனம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தோம். இந்த தடவை நான் ஒரு காரியம் பண்ணேன். கமல் பக்கமே பாக்காம ஊர்வசியை மட்டும் பாத்துட்டே இருந்தேன். அவங்களுக்கு வசனம் இல்லாத இடத்துல என்ன பண்றாங்கன்னு. அட அட. சமையல்காரன் காமேஸ்வரனா வர்ற கமல் பாலக்காட்டு பாஷைல ஏதோ சொல்லிட்டு இருக்கான், இவங்க அதைக் கேக்குறாங்க, உண்மையிலேயே கேக்குறாங்க, முதல் தடவை காதுல விழற மாதிரி. பாதி சிரிப்பு வருது, அதை அடக்குறாங்க, அந்த பாட்டி அடிக்கிற கூத்து ஞாபகம் வந்து முகத்துல ஒரு பயம் ஓடுது, எல்லாம் ரெண்டு செகண்டுக்குள்ள.

சுந்தரி நீயும் பாட்டை எடுத்துக்குங்க. பாட்டு பூரா ஸ்லோ மோஷன்ல போகும். ஸ்லோ மோஷன்ல நடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லைங்க, ஒரு செகண்ட் முகபாவம் இழுத்து நீட்டி காட்டப்படும், பொய்யா சிரிச்சா அங்கேயே மாட்டிக்குவோம். ஊர்வசி அதுல ஒரு இடத்துல கூட மாட்டல. 21 வயசு அப்போ.

பாத்து முடிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 1983ல முந்தானை முடிச்சுல வந்தாங்க, வெள்ளிவிழா கண்ட படம், அதுல அவங்க பண்ண பரிமளத்தை தெரியாத வீடே தமிழ்நாட்டுல இல்ல. அதுக்கப்புறம் இந்த நாப்பது வருஷத்துல தமிழ்ல அவங்களை மனசுல வச்சு எழுதின பெரிய பாத்திரம் எத்தனை? நான் விரல் விட்டு எண்ணேன், ஒரு கை போதுமா இருந்துச்சு. நான் ஏதாவது விட்டிருந்தா சொல்லுங்க, சந்தோஷமா திருத்திக்கிறேன்.

நாகர்கோவில்காரி

நீங்க விடல அண்ணா, சரியாத்தான் எண்ணிருக்கீங்க. நான் சொல்ல வந்தது வேற. எங்க ஊர்ல சின்ன வயசுல இருந்தே மலையாள படமும் சேத்துதான் பாப்போம், அதனால எங்களுக்கு ரெண்டு ஊர்வசி உண்டு.

1990ஆம் வருஷத்தையே எடுத்துக்கிடுங்க. தமிழ்ல அவங்களுக்கு மைக்கேல் மதன காமராஜன். நாலு கமல், அதுல ஒரு கமலுக்கு ஜோடி. அதே வருஷம் அங்க தலையணமந்திரம், சத்யன் அந்திக்காடு படம், ஸ்ரீனிவாசன் எழுதினது. அதுல காஞ்சனான்னு ஒரு பொம்பளை. கூட்டுக்குடும்பத்துல புருஷனோட தம்பி பொண்டாட்டியைப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சு, புருஷன் காதுல ராத்திரி ராத்திரி ஓதி, தனிக்குடித்தனம் கூட்டிட்டுப் போயி, அந்த காலனில அக்கம்பக்கத்துக்கு சமமா காட்டிக்கணும்னு கடன் மேல கடன் வாங்க வச்சு அந்த மனுஷனை நாசம் பண்ணிருவா. படமே அவளைச் சுத்திதான். எங்க அம்மா அந்த படத்தை பாக்கும்போதெல்லாம் திட்டிக்கிட்டே பாப்பா, கடைசில ஆன்னா ஊன்னா அழுவா. ஒரு பொறாமைக்காரியை திட்டவும் வச்சு அவளுக்காக அழவும் வைக்கணும்னா அது எப்படிப்பட்ட நடிப்புன்னு நினைச்சுப் பாருங்க.

கேரள அரசோட சிறந்த நடிகை விருது 1989, 1990, 1991ன்னு மூணு வருஷம் தொடர்ச்சியா அவங்களுக்குத்தான். அப்புறம் 1995, 2006. மூணாவது விருது வாங்கறப்போ அவங்களுக்கு இருபத்திரண்டு இருபத்திமூணு வயசுதான் இருக்கும். அந்த வயசுலயே அங்க அப்படி ஒரு இடம்.

தியேட்டர்ராஜு

உணர்ச்சிவசப்பட்டு தமிழ் சினிமா மேல பழியைப் போடாதீங்க தம்பி. நான் எண்பதுகள்ல வாரத்துக்கு மூணு படம் பாத்தவன். அப்ப களத்துல யார் யாரு இருந்தாங்கன்னு யோசிங்க. ராதிகா, ராதா, அம்பிகா, ரேவதி, நதியா, சுஹாசினி, சரிதா, லட்சுமி வேற. இத்தனை பேருக்கும் வேலை குடுத்த இண்டஸ்ட்ரி அது. ஊர்வசிக்கும் குடுத்துச்சு. முந்தானை முடிச்சுக்கு அப்புறம் வரிசையா படம் பண்ணாங்க, 1985ல அந்த ஒரு நிமிடம் படத்துல கமலுக்கு ஜோடி. மலையாளத்துல நல்ல கதை வந்துச்சு, அங்க போனாங்க. தன் தாய்மொழில நல்ல வேஷம் கிடைச்சா எந்த நடிகையும் அங்கதான் போவாங்க, இதுல தப்பு யார் பேர்லயும் இல்ல.

இன்னொண்ணு, கமல் அவங்களை விடவே இல்ல. மைக்கேல் மதன காமராஜன், தானே தயாரிச்ச மகளிர் மட்டும், பஞ்சதந்திரம், மன்மதன் அம்பு, உத்தம வில்லன். 1985ல இருந்து 2015 வரைக்கும் முப்பது வருஷம். ஒரு நடிகையோட அருமை தெரிஞ்ச ஆள் தமிழ்ல இருந்தாருல்ல?

பழையபிரிண்ட்

ராஜு அண்ணே, நீங்க சொல்றதுலயே பதில் இருக்கு. அருமை தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாருன்னு சொல்றீங்க. நான் கேக்குறது மத்தவங்க எல்லாம் எங்கன்னு.

அந்த லிஸ்ட்டையும் கொஞ்சம் பாருங்க. பஞ்சதந்திரத்துல ஜெயராமோட பொண்டாட்டி அம்மிணி, அஞ்சு பொண்டாட்டிகள்ல ஒருத்தி. வர்ற இடமெல்லாம் கலக்குவாங்க, ஆனா வர்ற இடமே கொஞ்சம். உத்தம வில்லன்ல வரலட்சுமி, அந்த ஆஸ்பத்திரி சீன்ல கட்டில்ல படுத்துக்கிட்டே புருஷன் முகத்தைப் பாக்குற பார்வைல இருபத்தஞ்சு வருஷ கல்யாண வாழ்க்கை மொத்தமும் தெரியும், அந்த ஒரு சீனுக்காகவே நான் அந்தப் படத்தை திரும்பப் பாப்பேன். ஆனா அதுவும் கொஞ்ச நேரம்தான். முழு படத்தையும் தோள்ல சுமக்கிற வேஷம்னா மகளிர் மட்டும் ஒண்ணுதான், அதுவும் மூணுல ஒரு பங்கு.

மீனாட்சி_வ

எல்லாரும் பரிமளத்தைப் பத்தி ஆசையா பேசறீங்க, நான் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ஊர்வசி பிறந்தது 1969 ஜனவரி. முந்தானை முடிச்சு வந்தது 1983. கணக்குப் போட்டுக்குங்க. 14 வயசு. எடுக்கும்போது அதுக்கும் கம்மியா இருந்திருக்கும். ஹீரோ பாக்யராஜுக்கு முப்பது.

நானும் சின்ன வயசுல விழுந்து விழுந்து சிரிச்ச படம்தான், மறுக்கல. போன வருஷம் என் பொண்ணோட உக்காந்து பாத்தேன், அவ ஒன்பதாவது படிக்கிறா. பரிமளம் அந்த சின்னப் பசங்களோட சேந்து ஊரைக் கலக்குற இடத்துல ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் வாத்தியார் தன்னைக் கெடுத்துட்டார்னு பஞ்சாயத்துல பொய் சொல்லி, கைக்குழந்தையைத் தாண்டி சத்தியம் பண்ற இடம் வந்துச்சு. அப்புறம் முதலிரவு, அப்புறம் தனக்குன்னு குழந்தையே வேண்டாம்னு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் போற முடிவு. என் பொண்ணு திரும்பி, "அம்மா இவங்களுக்கு என்ன வயசு"ன்னு கேட்டா. நான் போன்ல பாத்து சொன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் என்னால அந்த படத்தைப் பாக்க முடியல.

ஊர்வசியோட நடிப்பை நான் குறை சொல்லல. அந்த வயசுல அவங்க அப்படி நடிச்சதை நினைச்சா இன்னும் அதிகமாத்தான் வலிக்குது.

தியேட்டர்ராஜு

மீனாட்சி மேடம், அந்தக் காலத்துல அது வழக்கம். ஸ்ரீதேவி மூன்று முடிச்சு பண்ணும்போது 13 வயசு. யாரும் தப்பா நினைக்கல.

மீனாட்சி_வ

யாரும் தப்பா நினைக்கலைங்கறதுதான் சார் என்னோட வருத்தமே. ஆடியன்ஸ்ல என் அம்மாவும் இருந்தாங்க, அப்புறம் நானும் இருந்தேன். நாங்களும்தான் நினைக்கல.

தியேட்டர்ராஜு

நீங்க சொல்றது புரியுதும்மா. நானும் ரெண்டு பொண்ணைப் பெத்தவன். நீங்க சொன்னதுக்கப்புறம் ராத்திரி யோசிச்சுப் பாத்தேன், என் பெரியவளுக்கு 14 வயசு இருந்தப்போ அவ எப்படி இருந்தான்னு. ஸ்கூல் பையை இழுத்துக்கிட்டு வருவா. இதுல நான் மேல வாதாட விரும்பல.

ஒரு தகவல் மட்டும் சொல்றேன், இதே கதையை 1985ல ஹிந்தில மாஸ்டர்ஜின்னு எடுத்தாங்க, ராஜேஷ் கன்னாவும் ஸ்ரீதேவியும். பரிமளம் வேஷத்தை ஸ்ரீதேவிதான் பண்ணாங்க. அப்பவே இந்தியாவுல பெரிய ஸ்டார். அந்த வேஷத்தோட வெயிட் என்னன்னு அதுல தெரியும். அதைத்தான் ஒரு ஸ்கூல் பொண்ணு முதல்ல தூக்கி நிறுத்திருக்கு.

கத்திரிவேலை

இழை நல்லா போகுது, ரொம்ப நாளா வாசிக்க மட்டும் செஞ்சவன், இன்னிக்கு எழுதணும்னு தோணிச்சு. நான் எடிட்டிங்ல அசிஸ்டன்ட். ஊர்வசி மேடம் நடிச்ச எதுலயும் வேலை பாத்ததில்ல, அதனால உள்ளுக்குள்ள நடந்த கதைன்னு எதுவும் சொல்லப் போறதில்ல. வேலை தெரிஞ்சவனா ஒண்ணு சொல்லலாம்.

காமெடி சீன் வெட்டும்போது எங்களுக்கு உயிர் நாடியே ரியாக்ஷன் ஷாட்தான். ஒருத்தர் வசனம் சொல்றார், அடுத்தவர் முகத்துக்கு எப்ப போறது? ஆறு ஃப்ரேம் முன்ன போனா சிரிப்பு செத்துடும், ஆறு ஃப்ரேம் பின்ன போனாலும் செத்துடும். நிறைய பேர் தன்னோட வசனம் முடிஞ்சதும் அணைஞ்சு போயிடுவாங்க, அடுத்த வசனத்துக்குத்தான் திரும்ப எரியுவாங்க. நடுவுல வெட்ட எங்களுக்கு எதுவும் கிடைக்காது. ஊர்வசி நடிச்ச சீன்களை நான் பாடம் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கேன். அவங்க அணையறதே இல்ல. பின்னாடி அவுட் ஆஃப் ஃபோகஸ்ல நிக்கும்போது கூட ஏதோ ஒரு நினைப்பு ஓடிட்டே இருக்கும். மூக்குத்தி அம்மன்ல குடும்பமே ஒரே ஃப்ரேம்ல உக்காந்து பேசற சீன்கள் நிறைய இருக்குல்ல, அதுல ஏதாவது ஒண்ணை சவுண்டை அணைச்சுட்டு பாருங்க. அந்த வீட்ல யார் யார் மேல கோபமா இருக்காங்க, யாருக்கு பசிக்குது, எல்லாமே அந்தம்மா முகத்தை வச்சு கண்டுபிடிச்சிடலாம்.

நாகர்கோவில்காரி

மூக்குத்தி அம்மன்னு சொன்னதும் எனக்கு சொல்லாம இருக்க முடியல. எங்க ஊர் கதை அது. நாகர்கோவில்ல ஒரு நடுத்தர குடும்பம், திருப்பதிக்குப் போகணும் போகணும்னு பிளான் போட்டு ஒவ்வொரு தடவையும் ஏதாவது தடங்கல், குலதெய்வத்தை மறந்துட்டாங்க, அம்மனே வீட்டுக்கு வந்துருது. அம்மனா நயன்தாரா. அதுல அம்மா பால்தங்கம். எங்க பக்கத்து பேச்சை சினிமால பேசினா பொதுவா காமெடிக்குன்னு இழுத்துப் பேசுவாங்க, கேக்கவே சகிக்காது. ஊர்வசி பேசும்போது எங்க சித்தி பேசற மாதிரியே இருந்துச்சு, ஒண்ணும் இழுக்கல. மலையாளம் தெரிஞ்ச வாய்க்கு எங்க ஊர் பேச்சு தானா வருமோ என்னவோ.

புருஷன் ஓடிப்போன வீட்ல நாலு பிள்ளையளை வளத்த பொம்பளை. கடன்காரன்கிட்ட பேசறப்போ ஒரு குரல், பிள்ளையள்கிட்ட ஒரு குரல், சாமிகிட்ட ஒரு குரல். சாமிகிட்ட பேசற குரல்லதான் மனசுல உள்ள கசப்பு மொத்தமும் வெளிய வரும்.

சோழவந்தான்காரன்

எல்லாம் சொல்றீங்க, சூரரைப் போற்று பத்தி யாரும் இன்னும் வாயே தொறக்கலையேப்பா. எங்க ஊர்க்கதை அது. 2020 நவம்பர் 12 சூரரைப் போற்று வந்துச்சு, 14ஆம் தேதி தீபாவளிக்கு மூக்குத்தி அம்மன். ரெண்டு நாள் இடைவெளி. ஒண்ணுல மதுரைப் பக்கத்து பேச்சி, இன்னொண்ணுல நாகர்கோவில் பால்தங்கம். ரெண்டும் அம்மா வேஷம், ரெண்டும் கஷ்டப்பட்ட பொம்பளைங்க. ஆனா பேச்சியோட கை ஆட்டுற மாதிரி கூட பால்தங்கம் ஆட்ட மாட்டாங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் புத்தம் புது காலைல சுதா கொங்கரா எடுத்த இளமை இதோ இதோல ஜெயராம் கூட வயசான காதலியா வந்தாங்க. ஒரே நடிகை, ஒரு மாசத்துக்குள்ள மூணு முகம், எல்லாரும் வீட்ல அடைஞ்சு கிடந்த நேரத்துல போன்லயும் டிவிலயும் பாத்தோம்.

நான் போன்லதான் பாத்தேன். அப்ப நான் கோயமுத்தூர்ல வேலை. அந்த வருஷம் ஜூலைல எங்க அய்யா தவறிட்டாரு. லாக்டவுன் நேரம், கிளம்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன், பந்தல் பிரிச்சாச்சு, சேர் எல்லாம் அடுக்கி வச்சிருக்கு. எங்க ஆத்தா ஒண்ணும் பேசல. ஒரு வார்த்தை திட்டிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். உள்ள போயி சோறு எடுத்து வச்சுச்சு.

நாலு மாசம் கழிச்சு அந்த படத்தைப் பாக்குறேன். ஹீரோ மாறா ஏர்போர்ட்ல டிக்கெட்டுக்குக் காசு பத்தாம வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் கையேந்துவான், அப்பாவைக் கடைசியா பாக்கணும்னு. முடியாது. லேட்டாதான் ஊருக்கு வருவான். அப்ப பேச்சி அவனைப் பாத்து அலறும் பாருங்க ஒரு அலறல். எங்க ஆத்தா அன்னிக்கு அலறாத அலறல் அது. நான் போனை நிறுத்திட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். மறுநாள் ஆத்தாவுக்குப் போன் போட்டு முதல் தடவையா அய்யாவோட கடைசி நாளைப் பத்திக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசுச்சு.

நடிப்பு பத்தி எனக்கு இவங்க மாதிரி எல்லாம் விளக்கத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்லிட்டேன்.

பழையபிரிண்ட்

சோழவந்தான் அண்ணே, இதை எழுதினதுக்கு நன்றி. ரெண்டு தடவை படிச்சேன்.

கத்திரிவேலை

நானும். அந்த சீன்ல அவங்க குரல் நடுவுல உடையும், உடைஞ்ச இடத்துல நிறுத்தாம அந்த உடைஞ்ச குரல்லயே மேல போவாங்க. பின்னணி இசை அங்க கொஞ்சம் ஒதுங்கி நின்னிருக்கும், அதையும் கவனிங்க.

அந்த வருஷ தேசிய விருதுல சூரரைப் போற்றுக்கு அஞ்சு கிடைச்சுது. சிறந்த படம், நடிகர் சூர்யா, நடிகை அபர்ணா பாலமுரளி, திரைக்கதை, பின்னணி இசை. துணை நடிகை விருது சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும் படத்துக்காக லட்சுமிப்ரியா சந்திரமௌலிக்குப் போச்சு, அதுவும் நல்ல நடிப்பு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா தேசிய விருதுல பேச்சியை கௌரவிக்காம விட்டது எனக்கு இன்னும் ஆறல.

தியேட்டர்ராஜு

விருதுன்னு வந்தாச்சுல்ல, அப்ப போன வருஷக் கதையையும் பேசித்தான் ஆகணும். உள்ளொழுக்கு படத்துக்கு கேரள அரசு சிறந்த நடிகைன்னு குடுத்துச்சு, அவங்களுக்கு அது ஆறாவது தடவை. அதே படத்துக்கு, அதே வேஷத்துக்கு, 2025 ஆகஸ்ட்ல அறிவிச்ச தேசிய விருதுல சிறந்த துணை நடிகை. எப்படிங்க? ஒரு படத்துல ஒரே ஆள் திருவனந்தபுரத்துல கதாநாயகி, டெல்லில துணை நடிகையா? அவங்களே வெளிப்படையா கேட்டாங்க, எதை வச்சு முதன்மை எதை வச்சு துணைன்னு முடிவு பண்றீங்க, வயசை வச்சான்னு. நியாயமான கேள்வி. நாப்பது வருஷத்துக்கு மேல நடிச்ச ஒரு பொம்பளை வாய் விட்டுக் கேட்டது எனக்குப் பெருமையா இருந்துச்சு.

அச்சுவின்டே அம்மாவுக்கும் அதே துணை நடிகை விருதுதான், அது 2005 படம். தலைப்புலயே அம்மா இருக்கு. எல்.ஐ.சி ஏஜென்ட் வனஜா இல்லாம அந்த படத்துல கதையே நகராது. அக்கா கல்பனாவுக்கும் தனிச்சல்ல ஞான் படத்துக்கு இதே துணை நடிகை விருதுதான். நம்ம சின்ன வீடு படத்துல பாக்யராஜுக்கு ஜோடியா வந்த கல்பனாதான், 2016ல போயிட்டாங்க.

மீனாட்சி_வ

சார் இப்ப நீங்க பேசறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இந்த "துணை"ங்கற வார்த்தைதான் மொத்தப் பிரச்சனையும். நாப்பது தாண்டின பொம்பளை திரைல வந்தா அவ யாரோ ஒரு பையனுக்கு அம்மா, கதை அந்தப் பையனோடது. சிவா மனசுல சக்தில ஜீவாவுக்கு அம்மா. அப்ப ஊர்வசிக்கு வயசு 40. அதே நாப்பது வயசுல நம்ம ஹீரோக்கள் என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்தப் படத்துல அம்மாவும் பையனும் பேசிக்கிற விதம் அருமை, ரசிச்சிருக்கேன், அது வேற. ஆனா அதுக்கப்புறம் வந்த கதை எல்லாம் அதே கலகலப்பான அம்மா, அதே படபடப் பேச்சு. சரண்யா பொன்வண்ணனுக்கும் இதேதான் நடந்துச்சு, தென்மேற்கு பருவக்காற்றுக்கு சிறந்த நடிகைன்னு தேசிய விருது வாங்கின கையோட மறுபடி ஹீரோவுக்கு டிபன் எடுத்து வைக்க விட்டுட்டாங்க.

வீட்ல விசேஷம் கொஞ்சம் மாறி வந்துச்சு. ஐம்பது வயசுல கர்ப்பமாகுற அம்மா. சத்யராஜுக்கு ஜோடி. மாமியாரா கே.பி.ஏ.சி லலிதா, படம் வர்றதுக்கு முன்னாடியே அவங்க இறந்துட்டாங்க. அந்த மாமியாரும் மருமகளும் சேந்து நிக்கிற இடங்கள் எல்லாம் எனக்குத் தனி சந்தோஷம். ஆனா அதுவும் ஹிந்தில இருந்து வந்த கதை.

தாம்பரம்_குமார்

ஜெ.பேபி பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? 2024 மார்ச் 8, மகளிர் தினத்துக்கு வந்துச்சு, சுரேஷ் மாரி டைரக்ஷன், பா.ரஞ்சித் தயாரிப்பு. தமிழ்ல அவங்களை மையமா வச்சு வந்த வேஷம்னா அதுதான், தலைப்பே அந்த வேஷத்தோட பேருதான். பேபிங்கற அம்மா வீட்டை விட்டுப் போயி கல்கத்தாவுல இருக்கறதா தகவல் வரும், பேசிக்காத ரெண்டு பிள்ளைங்க தினேஷும் மாறனும் சேந்து போயி கூட்டிட்டு வரணும்.

நான் பாத்த காட்சில மொத்தம் பதினோரு பேர். எண்ணினேன். எங்க அம்மாவுக்கும் இப்ப மறதி இருக்கு, ஒருநாள் பால் வாங்கப் போறேன்னு போயி செங்கல்பட்டு பஸ் ஏறிட்டாங்க. கண்டக்டர் என் நம்பரை அவங்க பர்ஸ்ல இருந்து எடுத்து போன் பண்ணார். நான் போறப்போ பஸ் ஸ்டாண்ட்ல யாரோ வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சிட்டு, "வந்துட்டியா"ன்னு சாதாரணமா கேட்டாங்க, நாந்தான் லேட்டா வந்த மாதிரி. பேபி ஒரு நிமிஷம் ஊரையே மிரட்டி, அடுத்த நிமிஷம் குழந்தையாட்டம் சிரிச்சு, அதுக்கடுத்த நிமிஷம் யாரையோ தேடுற மாதிரி பாப்பாங்க. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் பாக்குறேன். இந்தம்மாவுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல.

பதினோரு பேர்தான். அதுதான் எனக்கு மனசு கேக்கல. நல்ல வேஷம் குடுக்கலன்னு டைரக்டர்களை சொல்றோம், குடுத்தப்போ நாம போனோமா?

பழையபிரிண்ட்

குமார் சார், நான் போகல. ஓடிடில வந்தப்புறம்தான் பாத்தேன். இழையை ஆரம்பிச்சவனா இதை ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

தியேட்டர்ராஜு

நான் போனேன். காலைக் காட்சி. எங்க காட்சில பதினோரு பேர் கூட இல்ல.

நாகர்கோவில்காரி

ஒரு விஷயம் யாருக்காவது தோணிச்சா? மகளிர் மட்டும்னு தமிழ்ல ரெண்டு படம். 1994ல ஒண்ணு, 2017ல ஒண்ணு. கதைக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டுலயும் ஊர்வசி உண்டு. முதல் படத்துல ரேவதி, ரோகிணி கூட. ரெண்டாவதுல ஜோதிகா, பானுப்ரியா, சரண்யா கூட.

முதல் படத்துல ஆபீஸ்ல வேலை பாக்குற மாமி ஜானகி. மேனேஜர் நாசர் பொம்பளையளை ஒருத்தர் விடாம தொந்தரவு பண்ணுவான், இவங்க மூணு பேரும் சேந்து அவனுக்குப் பாடம் புகட்டுவாங்க. 1994ல இதை ஒரு காமெடிப் படமா எடுத்தாங்க, இன்னிக்குப் பாத்தாலும் பழசாத் தெரியல. நாகேஷ் பிணமாவே நடிச்சிருப்பாரு, ஒரு வசனம் கிடையாது, எல்லாரும் அதைத்தான் பேசுவாங்க, பேசவும் வேணும். ஆனா அந்தப் பிணத்தைத் தூக்கிட்டு அலையற சீன்கள்ல ஊர்வசியோட பயத்தைப் பாருங்க. சிரிப்பு வரணும்னு அவங்க பயப்படல, நிஜமாவே ஆசாரமான வீட்டுப் பொண்ணு ஒருத்தி பிணத்தைத் தொட்டுட்டோமேன்னு நடுங்குற நடுக்கம் அது. நடுக்கம் நிஜமா இருக்கறதாலதான் நமக்கு வயிறு வலிக்குது.

ரெண்டாவது படத்துல கோமாதா, பழைய சிநேகிதியளைத் தேடற அம்மா. இருபத்திமூணு வருஷ இடைவெளில அதே தலைப்புக்கு அவங்க திரும்ப வந்திருக்காங்க.

கத்திரிவேலை

அக்கா, இது எனக்குத் தோணவே இல்ல. ரெண்டையும் அடுத்தடுத்துப் பாக்கப் போறேன்.

தியேட்டர்ராஜு

பழையபிரிண்ட் தம்பி, நான் முதல்ல எழுதினதை வாபஸ் வாங்கல. களத்துல போட்டி இருந்துச்சு, மலையாளம் கூப்பிட்டுச்சு, அது உண்மை. ஆனா 1995க்கு அப்புறம் அந்தப் போட்டில இருந்தவங்க நிறைய பேர் ஒதுங்கிட்டாங்க, ஊர்வசி நின்னாங்க, அப்பவும் நாம அம்மா வேஷத்தைத்தான் நீட்டினோம். அதை நான் ஒத்துக்கறேன்.

உள்ளொழுக்கு பாத்தீங்களா? எனக்கு மலையாளம் அரைகுறை.

பழையபிரிண்ட்

நேத்து ராத்திரி பாத்தேன் அண்ணே. குட்டநாட்டுல வெள்ளம், வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. பையன் செத்துப் போயிட்டான், தண்ணி வடிஞ்சாத்தான் அடக்கம் பண்ண முடியும். வீட்ல மாமியார் லீலாம்மா ஊர்வசி, மருமக பார்வதி. தண்ணி வடியற வரைக்கும் ரெண்டு பேரும் காத்திருக்கணும், அதுக்குள்ள ஒவ்வொரு ரகசியமா மேல வருது. படத்துல ஊர்வசி ஒரு இடத்துல கூட நம்மளை சிரிக்க வைக்கல. அந்தப் படபடப் பேச்சு எதுவும் இல்ல. தண்ணிக்குள்ள நடக்கறப்போ புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா காலை எடுத்து வைப்பாங்க, முதல்ல மகனை இழந்தவளா நடந்தாங்க, போகப் போக வேற ஏதோ சுமையைத் தூக்கிட்டு நடக்கிற மாதிரி அதே நடை மாறிடுச்சு. நான் அந்தக் காலையே பாத்துட்டு இருந்தேன்.

பாதி வசனம் சப்டைட்டில் படிக்காமலே புரிஞ்சுது. நீங்க தைரியமா பாக்கலாம்.

நாகர்கோவில்காரி

அண்ணா அடுத்து தலையணமந்திரம் பாருங்க. பக்கத்துல வீட்டுக்காரம்மாவையும் உக்கார வச்சுக்கிடுங்க. காஞ்சனாவை அவங்க எந்த இடத்துல திட்ட ஆரம்பிக்காங்க, எந்த இடத்துல நிறுத்துதாங்கன்னு வந்து எழுதுங்க.

பழையபிரிண்ட்

சனிக்கிழமை பாக்கறோம். அம்மாவும் வர்றேன்னு சொல்லிருக்காங்க.